திருப்பி அனுப்பிய உப்பு லாரி

என் ஆசை அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை இது. உனக்கு எப்படி அதை எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரி, கேட்டு வைக்கிறேன். நன்றாக இருக்கிறாயா? நீ இருந்த காலத்திலும் நான் கேட்டதற்கெல்லாம் எங்கே ஒழுங்காகப் பதில் சொன்னாய்.

நேற்று கல்லறைத் திருநாள். நீ போன பிறகு வந்த முதல் திருநாள். ராயபுரத்தில் காலையிலிருந்தே தூறல், ஏற்றி வைத்த மெழுகுவத்தி ஒன்றும் நிற்கவில்லை. அம்மா அப்பா பக்கத்தில் உன்னுடையது இன்னும் வெறும் மண்மேடாகத்தான் இருக்கிறது. சிமெண்டு பூசச் சொல்லியிருக்கிறேன், கொத்தனார் மழை விடட்டும் என்கிறார். சாமந்திப் பூவைப் பரப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தபோது ஓர் ஆள் வந்தார். யார் தெரியுமா? ஏழுமலை.

அவர் வந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டுச் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "வூட்ல இன்னா சேதி, அத்த மொதல்ல சொல்லு" என்று குறுக்கே விழுவாய். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களிடம் இங்கிலீஷில் பொளந்து கட்டிவிட்டு, வாசற்படி ஏறியதும் இன்னா, கீது என்று பேச ஆரம்பிக்கும் மனுஷன் நீ ஒருத்தன்தான்.

திருவொற்றியூரில் உன் ஆஸ்பத்திரியை மூடவில்லை. ஒரு சின்ன வயசு டாக்டர் வந்து போகிறார், நல்ல பையன். உன் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்கிறார். ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும் பிரசவம் பார்ப்பதும் எப்போதும் போல நான்தான். எண்ணூர்ப் பக்கம் புதிதாகத் தொழிற்சாலை எழும்புகிறது, கண்ணில் இரும்புத்தூள் விழுந்தது என்று அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள். கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது. மீனவர் குப்பத்தில் முன் வரிசைக் குடிசைகளைப் பிரித்துப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவுதான் சேதி.

இனி ஏழுமலைக்கு வருகிறேன்.

அவர் முதன்முதலாக நம் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை. திருக்கை மீனின் முள் பாதத்தில் ஏறி, எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, பச்சிலை வைத்துக் கட்டி, அதெல்லாம் பலிக்காமல் பாதம் கறுத்த பிறகுதான் வந்தார். குப்பத்து ஆட்கள் எப்போதும் அப்படித்தானே. கட்டை அவிழ்த்ததும் வந்த நாற்றத்திலேயே உனக்கும் எனக்கும் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். நீ வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"கால்ல கத்தி வைக்கக் கூடாது டாக்டரே. செத்தா செத்துட்டுப் போறேன். அத்த மட்டும் செய்யாதே. எனக்கு வாக்கு குடு."

"சரி ஏழுமலை. நீ படு மொதல்ல" என்றாய்.

அப்போது அவருக்குக் காய்ச்சல் அதிகமில்லை. நல்ல நினைவோடுதான் கேட்டார். நீயும் நல்ல நினைவோடுதான் சரி என்றாய். பென்சிலின் போட்டுப் பார்த்தாய். கறுப்பு கணுக்காலுக்கு மேலே ஏறியது. காய்ச்சல் தலைக்கேறி அவர் பிதற்ற ஆரம்பித்தார். ஒரு காலையில் அவருடைய மனைவி கன்னியம்மா உன் காலைப் பிடித்துக்கொண்டாள். "பொயச்சிக்குவாரா? ஒரே ஒரு வார்த்தை சொல்லு சாமி." காலை எடுத்தால் பிழைப்பான் என்றாய். அவள் தலையாட்டினாள். எண்ணூரிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வந்த லாரியைத் தெருவில் நின்று நீயே மறித்தாய். உப்பு மூட்டைகளுக்கு மேல் ஏழுமலையைப் படுக்கவைத்து நாம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே நடந்தது உனக்கும் எனக்கும் அந்த சர்ஜனுக்கும் மட்டும்தான் தெரியும். அவர் தொடையில் எடுக்க வேண்டும் என்றார், அதுதான் பத்திரம் என்றார். நீ முழங்காலை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாய். விஷம் மேலே ஏறினால் மறுபடி வெட்ட வேண்டிவரும், ஆளே போய்விடலாம், யார் பொறுப்பு என்று கேட்டார். நான் பொறுப்பு என்றாய். உன் சத்தம் வராந்தாவரை கேட்டது. அவ்வளவு கோபமாக நீ பேசி நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது ஏன் என்று கேட்டேன். "மரத்துல அவங்க எப்படி குந்துவாங்கன்னு நீ பாத்தது இல்ல? முட்டி போட்டுத்தானே துடுப்பு போடறாங்க. முட்டி இருந்தா அவன் திரும்பக் கடலுக்குப் போலாம் புஷ்பம்" என்றாய். கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றுதான் சொல்வார்கள். அவர்களோடு பழகிப் பழகி உனக்கும் அதே வாய் வந்துவிட்டிருந்தது.

விஷம் மேலே ஏறவில்லை. முழங்கால் தங்கியது. ஆனால் ஏழுமலை கண் விழித்துப் போர்வையை விலக்கிப் பார்த்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வாக்கு குடுத்தியே." அதற்குப் பிறகு நீ சாகும்வரை அவர் உன்னிடம் பேசவில்லை.

நம் இருவருக்கும் எத்தனை சண்டை இதனால். நன்மை செய்வதுதான் வைத்தியனுடைய வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்பாய். யாருக்கு எது நன்மை என்று யார் சொல்வது, நீயா அவரா என்று நான் கேட்பேன். "சாக விட்டிருக்கணுமா?" என்பாய். காய்ச்சலில் கிடந்தவன் சொன்னதெல்லாம் சொன்னதாகுமா என்று ஒருநாள் கேட்டாய். கேட்டுவிட்டு நீயே தலையைக் குனிந்துகொண்டாய். அவர் வேண்டாம் என்று சொன்னது காய்ச்சல் தலைக்கேறுவதற்கு முன்னால்.

அவர் வீட்டுக்குப் போன பிறகு புண்ணுக்குக் கட்டுப் போட நீயே குப்பத்துக்குப் போனாய். என்னைக்கூட அனுப்பவில்லை. உன் கை கட்டுப் போடும், அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருப்பார். புண் ஆறிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு நடை போய் வருவாய். உன்னைக் கண்டதும் அவர் உள்ளே போய்விடுவார். கன்னியம்மா கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்கு ரோஷமே கிடையாதா, முழங்காலுக்காக நீ சண்டை போட்டதை நானாவது போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"வேணாம் புஷ்பம். அத்த சொன்னா அவன் கோவத்துக்கு நாயம் இல்லாம பூடும். வாக்கு மீறினது மீறினதுதான்" என்றாய். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "கோச்சுக்கறதுக்கு ஆளு கீறான் இல்ல? அது போதும்" என்றாய்.

இரண்டு மழைக்காலம் போன பிறகு, மச்சானோடு மரத்தில் முட்டி போட்டுக்கொண்டு ஏழுமலை அலையைத் தாண்டிப் போனதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தாய். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கன்னியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அன்று ராத்திரி சோறு போட்டபோது குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாய். என்ன விசேஷம் என்றேன். உப்பு சரியாக இருக்கிறது என்றாய்.

அதற்குப் பிறகு உன் வயிற்றில் கட்டி வந்தது. எனக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைத்தாயா? நோயாளி யாரும் இல்லாதபோது நீ உன் வயிற்றை நீயே அழுத்திப் பார்ப்பதைத் திரைச்சீலை வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து உன் சிநேகிதர் வந்து பார்த்தார். வயிற்றைத் திறந்து பார்க்கலாம், வாய்ப்பு கொஞ்சம்தான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது என்றார். நீ வேண்டாம் என்றாய்.

நான் அழுது பார்த்தேன். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். உனக்குக் கல்யாணம் காட்சி இல்லை, என்னைக் கட்டியவரும் சீக்கிரமே போய்விட்டார், நீயும் போனால் எனக்கு யார் என்று கேட்டேன். எதற்கும் அசையவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் வேண்டாம்?" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். "கேக்கறியா, சண்ட போடறியா?"

"கேக்கறேன்."

"தொறந்து பாத்துட்டு மூடுவாங்க. என் கையே தொட்டுப் பாத்த கட்டி இது, எனக்குத் தெரியாதா? கீற கொஞ்ச நாளையும் அந்தக் கட்டில்ல மயக்கத்துல கழிக்க வேணாம். இங்க ஜன்னல் கீது. துறைமுகத்துச் சங்கு கேக்குது. நீ கீற."

நான் உன் போர்வையை இழுத்துவிட்டேன். நீயே மறுபடியும் பேசினாய். "ஏழுமலைய நான் இப்படிக் கேக்கல, பாரு. வேணாம்னான், சரின்னுட்டேன். அப்பால எட்த்துட்டேன். ஏன் வேணாம்னு கேக்கவே இல்ல. இன்னா சொல்லியிருப்பானோ."

அதை நீ பலமுறை சொன்னாய் அண்ணே. இன்னா சொல்லியிருப்பானோ, இன்னா சொல்லியிருப்பானோ என்று.

நீ போவதற்கு இரண்டு நாள் முன்பு உனக்குக் காய்ச்சல் வந்தது. வலிக்கு நான் போட்ட ஊசி போதவில்லை. நீ பிதற்றினாய். "புஷ்பம், என்ன எங்கனா இட்டுகினு போ. ஏதாவது பண்ணு" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். இதை நேற்றுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை. விடிந்தபோது வாசலில் அதே உப்பு லாரி வந்து நின்றது. உனக்கு ரொம்ப முடியவில்லை என்று யாரோ சொல்லி, டிரைவர் தானாகவே வந்திருந்தார். மூட்டைகளை ஓரம் தள்ளி ஜமக்காளம்கூட விரித்து வைத்திருந்தார். "ஏத்திக்கலாமாம்மா? அரமணி நேரத்துல போய்டலாம்."

நான் படியில் நின்றேன். உள்ளே நீ முனகுவது கேட்டது. எதைக் கேட்பது? நல்ல நினைவில் வேண்டாம் என்ற அண்ணனையா, வலியில் கூட்டிப் போ என்ற அண்ணனையா? ஏழுமலையை ஏற்றிய அதே லாரி. என் இடத்தில் நீ இருந்திருந்தால் ஏற்றியிருப்பாய். நான் ஏற்றவில்லை. வேண்டாம்பா, போய்ட்டு வா என்றேன். லாரி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து உன் சிநேகிதர் சொன்ன அளவுக்கு மருந்தைக் கூட்டி ஊசி போட்டு, உன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

வாய்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது என்றாரே, அந்த ஒரு வாய்ப்பை நான்தான் திருப்பி அனுப்பினேனா? துறைமுகத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. நீ வாக்கை மீறினாய், ஏழுமலை பிழைத்தார். நான் உன் சொல்லைக் காப்பாற்றினேன், நீ செத்துப்போனாய். நம்மில் யார் நன்மை செய்தவர், சொல்லேன்?

உன் அடக்கத்தன்று குப்பத்தில் ஒரு மரமும் கடலில் இறங்கவில்லை. தங்கள் ஆள் செத்தால்தான் அப்படிச் செய்வார்கள். உனக்கும் செய்தார்கள். எல்லாரும் வந்திருந்தார்கள், ஏழுமலையைத் தவிர. எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அதனால்தான் நேற்று அவர் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு சேற்றில் வந்து நின்றபோது, வாங்க என்றுகூட நான் சொல்லவில்லை.

"அன்னிக்கே கெளம்பினேன் தங்கச்சி. பாதி வழி வந்துட்டேன். அப்பால எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றதுன்னு திரும்பிட்டேன்" என்றார்.

"இப்போ மட்டும் எந்த மூஞ்சியோட வந்தீங்க?" என்றேன். எனக்கு வாய் அடங்கவில்லை. நீ சொல்லக்கூடாது என்றதையும் மறந்து, இல்லை, மறக்கவில்லை, வேண்டுமென்றே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சர்ஜன் தொடையில் கத்தி வைக்கப் போனதை, நீ வராந்தா அதிரச் சண்டை போட்டதை, நான் பொறுப்பு என்றதை. திட்டுவதைப் போலத்தான் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள்.

மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"முட்டிய விடச் சொல்லி டாக்டரு கேட்டாரா?"

"ஆமா."

"நான் வேணாம்னதே அதுக்குத்தானே தங்கச்சி." கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து தன் முட்டியைத் தொட்டார். "ஆர்பர்ல மூட்ட தூக்கப் போன எங்க ஆளு ஒருத்தன் மேல கூட்ஸ் வேகன் ஏறிச்சி. தொடையோட எட்த்துட்டாங்க. அதுக்கப்பால அவன் மரத்துல குந்தவே இல்ல, கோயில் வாசல்லயே கெடந்து செத்தான். கால எடுக்கறதுன்னா அப்டித்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். முட்டிக்குக் கீயதான் எடுப்போம்னு யார்னா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே கால நீட்டியிருப்பேனே."

இதுதான் அண்ணே. இன்னா சொல்லியிருப்பானோ என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அவர் சொல்லியிருக்கக்கூடியது இதுதான். இருவரும் ஒரே முழங்காலுக்காகத்தான் போராடியிருக்கிறீர்கள். நீ அதை சர்ஜனிடம் சொன்னாய், அவர் யாரிடமும் சொல்லவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாய், அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். ஒரே ஒரு தரம் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் நீ இந்தப் பாரத்தோடு போயிருக்க மாட்டாய். எனக்கு அழுகையாக வந்தது. அவரும் அழுதார்.

பிறகு நான் அவரிடம் உப்பு லாரியைச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? அவர்தானே அதில் போனவர். திருப்பி அனுப்பினேன், தப்பா என்று கேட்டேன்.

"அவுர கேட்டியா நீ, இன்னாத்துக்கு வேணாம்னு?"

"கேட்டேன்."

"சொன்னாரா?"

"சொன்னார்."

"அப்ப சரிதான்" என்றார். தலையைத் துடைத்துக்கொண்டார். சரிதான் என்று முடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "ஆனா எனக்கு உசுரு கீது தங்கச்சி. கொயந்தைங்கள பாக்கறேன், கடலுக்குப் போறேன். அவுருக்கு இல்லியே. அத்த நான் இன்னான்னு சொல்றது?"

அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டோம். இனி அது என்னோடுதான் இருக்கும் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

போகும் முன்பு அவர் கக்கத்துக் கட்டையை அம்மாவின் கல்லறை மேல் சாய்த்து வைத்தார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒரு கையை ஈர மண்ணில் ஊன்றி மெள்ள இறங்கி உனக்கு முன்னால் முட்டி போட்டார். கடலில் போடுவதைப் போலவே, நேராக, இரண்டு முழங்காலும் பதிய. நம் ஜெபம் அவருக்குத் தெரியாது. அப்படியே இருந்தார்.

அவர் போன பிறகு பார்த்தேன். சேற்றில் இரண்டு குழி, பக்கம் பக்கமாக. ஒன்றுக்குப் பின்னால் காலும் பாதமும் கிடந்த தடம் நீளமாக இருந்தது. மற்றதற்குப் பின்னால் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் வெறும் மண். மழைத் தண்ணீர் இரண்டிலும் ஒரே மாதிரி நிறைந்தது. அதில் ஒரு குழி நீ கேட்டு வாங்கியது அண்ணே.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், நீ ஏழுமலைக்குக் கொடுத்ததைப் போல அல்ல. வேண்டாம் என்று நம் படியேறி வந்து சொல்லும் யாரையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டேன். என்ன செய்யப் போகிறோம், எதுவரை செய்யப் போகிறோம் என்று சொல்லாமல் ஒரு கட்டுகூட அவிழ்க்கமாட்டேன். புது டாக்டருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கேட்டும் சொல்லியும் பிறகும் வேண்டாம் என்றால், லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே வந்து, அவர்கள் தலையை என் மடியில் வைத்துக்கொள்வேன்.

உன் தலை இருந்த மடியில் தாளை வைத்து எழுதும்,
உன் ஒரே தங்கச்சி,
புஷ்பம்